புதுவீடும் ஐந்து வினாக்களும்

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்பது நம் முன்னோர் வாக்கு. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு குடியிருப்பை வாங்குகிறவனுக்கு இப்பழமொழியின் முற்பாதி பொருந்தாது என்றே நான் எண்ணியிருந்தேன். கடைக்கால் தோண்டுவதும், கம்பி கட்டுவதும், கான்கிரீட் போடுவதும் கட்டுநர் பாடு; தவணை கட்டுவது மட்டுமே நம் பாடு என்பது என் கணக்கு. அக்கணக்கு எவ்வாறு பிழையாயிற்று, அப்பிழையைத் திருத்தியவர் யார், அதனால் நான் கற்ற பாடம் யாது என்பவற்றை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னைப் புறநகரில் மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு குடியிருப்புக்கு, வங்கிக் கடனை நம்பி முன்பணம் கொடுத்திருந்தேன். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டுநரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தரை, குளியலறைச் சுவர், சமையல் மேடை, அலமாரி, வண்ணப்பூச்சு ஆகியவற்றில் எமது பட்டியலில் உள்ளவை வேண்டாமெனில், பதினைந்து நாள்களுக்குள் தாங்களே தேர்ந்து கூறலாம்; விலையில் வேறுபாடு இருப்பின் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அன்று மாலையே குடும்பத்தோடு டைல்ஸ் கடைக்குச் சென்றேன். மின்விளக்குகளின் கீழ் கண்ணாடிபோல் பளபளத்த வெள்ளை டைல்ஸ் ஒன்று எங்கள் அனைவரையும் கவர்ந்தது. கூடம், அறைகள், குளியலறை, பால்கனி எல்லாவற்றிற்கும் அதனையே எழுதிக்கொடுத்து முன்பணமும் கட்டிவிட்டேன்.

மறுவாரம் கட்டடத்திற்குச் சென்றபோது டைல்ஸ் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர் என்னை அடையாளங்கண்டு வணங்கினார். அவர் மகன் நம் கல்லூரியில் என் வகுப்பில்தான் பயில்கிறான். நான் தேர்ந்த டைல்ஸின் மாதிரியைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அவ்வொரு கேள்வியில் என் முகம் சுண்டிவிட்டது. என் தாயாருக்கு அப்போது வயது எழுபத்து நான்கு. 2019இல் வாடகை வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, நான்கு மாதம் படுக்கையில் கிடந்தவர். ஆண்டுதோறும் முதலாமாண்டு மாணவர்க்கு உராய்வு விசையைப் பற்றிக் கரும்பலகை நிறைய எழுதும் நான், அத்தாயார் நடக்கப்போகும் தரைக்குக் கண்ணாடியைத் தேர்ந்திருந்தேன்!

அன்று அம்மேஸ்திரி தம் தொழிலில் கண்டவற்றைச் சொல்லச் சொல்ல, எனக்கு ஓர் உண்மை புலனாயிற்று. ஒரு வீட்டின் உட்புறப் பொருள் ஒவ்வொன்றையும் ஐந்து வினாக்கள் கேட்டே தேர வேண்டும். நீர் என்ன செய்யும்? கால் என்ன சொல்லும்? கை என்ன கொட்டும்? மூச்சு எதை இழுக்கும்? இவற்றிற்குப் பின்னரே, கண் எதை விரும்பும்? கடையோ இவ்வரிசையைத் தலைகீழாக்கிக் கண்ணை முதலில் கேட்கிறது. நாமும் விடை கூறிவிடுகிறோம். இனி அவ்வினாக்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. நீர்

அடுக்குமாடியில் ஒருவர் வீட்டுத் தரை மற்றொருவர் வீட்டுக் கூரை. ஆகவே நம் குளியலறையில் கசியும் நீர் நமக்கு மட்டும் இடரன்று. டைல்ஸ் நீரைத் தடுக்கும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் தடுப்பது அதன் அடியில் பூசப்படும் நீர்த்தடுப்புப் பூச்சே. அப்பூச்சு முடிந்தவுடன் வடிகால் வாயை அடைத்து, தரையில் நீரைத் தேக்கி, ஒரு நாள் முழுதும் விட்டுவைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். டைல்ஸ் பதிக்கும் முன்னரே இச்சோதனையைச் செய்துவிட வேண்டும்.

அடுத்தது வாட்டம். குளியலறைத் தரை வடிகாலை நோக்கி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது தாழ்ந்திருத்தல் நலம். ரசமட்டம் இல்லாவிடினும் கவலையில்லை. ஒரு குவளை நீரை ஊற்றினால் அது போகும் திசையே சான்று.

இனி டைல்ஸின் தன்மையைப் பார்ப்போம். சுவரில் பதிக்கும் சாதாரண செராமிக் டைல்ஸ் தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேலும் நீரை உறிஞ்சக்கூடும். களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகியவற்றைக் கலந்து ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுக்கும் விட்ரிஃபைடு டைல்ஸோ 0.5 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாது. இதனை மாணவர்களே சோதிக்கலாம். உலர்ந்த துண்டை எடை பார்த்து, ஊறவைத்து, துடைத்து மீண்டும் எடை பார்த்தால் போதும். இரண்டு கிலோ எடையுள்ள டைல்ஸ் 200 கிராம் கூடினால் பத்து விழுக்காடு. பத்துக் கிராம் கூடினால் அரை விழுக்காடு.

ஆனால், நீரை உறிஞ்சாத இக்குணமே ஒரு சிக்கலையும் தருகிறது. சிமெண்டுப் பால் புகுந்து பிடித்துக்கொள்ள அதில் நுண்துளைகள் இல்லை. வெறும் சிமெண்டில் பதித்தால் நாளடைவில் பெயர்ந்து உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. எனவே இதற்கென்று உள்ள ஒட்டுப்பசையைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு ஐ.எஸ். 15477 என்னும் இந்தியத் தரக்குறியீடு உண்டு. பதித்தபின் ஒரு நாணயத்தால் மூலைக்கு மூலை தட்டிப் பார்த்தால், ஒட்டாத இடம் ‘டொக்கு டொக்கு’ என்று ஒலிக்கும். குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் தாய்மார்களுக்கு இவ்வித்தை புதிதன்று.

புதுச்சுவருக்கும் நீர்தான் பகை. சிமெண்டுப் பூச்சு உலர வாரங்கள் ஆகும். அதுவரை அது கடுங்காரத் தன்மையோடும் இருக்கும். அவசரப்பட்டு அதன்மேல் பட்டி பார்த்து வண்ணம் பூசினால், உள்ளிருந்து வெளிவரும் ஈரம் கரைந்த உப்பையும் உடன் கொணர்கிறது. நீர் ஆவியாக, உப்பு மட்டும் வெண்பொடியாய்ப் பூத்து வண்ணத்தைப் பெயர்க்கிறது. எண்ணெய்ப் பெயிண்ட் என்றால், காரமானது அவ்வெண்ணெயைச் சவர்க்காரமாகவே மாற்றிவிடும். இதற்கும் ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு சதுர அடிப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் நாடாவால் ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். உட்புறம் முத்து முத்தாய் நீர் கோத்திருந்தால், சுவர் இன்னும் உலரவில்லை என்பது பொருள்.

2. கால்

மேஸ்திரியின் கேள்வியோடு வீடு திரும்பிய நான், மறுநாள் நான்கு வகை டைல்ஸ் துண்டுகளை நம் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தேன். செய்முறை எளிது. பலகையின் மேல் டைல்ஸைப் பொருத்தி, அதன்மேல் ரப்பர் செருப்பின் அடித்துண்டை எடைக்கல்லோடு வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்த வேண்டும். துண்டு வழுக்கத் தொடங்கும் சாய்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே நிலை உராய்வுக் குணகம். 45 டிகிரியில் அது 1. 24 டிகிரியில் ஏறத்தாழ 0.45, 12 டிகிரியில் 0.21.

உலர்ந்த நிலையில் பளபளப்பான டைல்ஸ் மற்றவற்றினும் மோசமாக இல்லை. அதுதான் அதன் வஞ்சகம்! சவர்க்காரம் கலந்த நீரைத் தெளித்தவுடன் கதை மாறிற்று. சொரசொரப்பான டைல்ஸில் பொருள் நின்றிருந்த அதே சாய்வில், பளபளப்பான டைல்ஸில் அது நழுவி ஓடியது. காரணம் யாதெனில், மெழுகிய பரப்பில் நீர் மெல்லிய படலமாய்ப் பரவி, காலையும் தரையையும் தொடவொட்டாமல் பிரித்துவிடுகிறது. சொரசொரப்பான பரப்பிலோ மேடுகள் அப்படலத்தைத் துளைத்துக் காலைப் பற்றிக்கொள்கின்றன.

செருமானியர் இச்சோதனையை மனிதரைக் கொண்டே செய்கின்றனர். சாய்தளத்தில் சவர்க்கார நீரை ஓடவிட்டு, வெறுங்காலோடு ஒருவரை நடக்கச் செய்து, 12 டிகிரி வரை தாங்கும் டைல்ஸை ‘ஏ’ என்றும், 18 டிகிரி தாங்குவதை ‘பி’ என்றும், 24 டிகிரி தாங்குவதை ‘சி’ என்றும் வகுக்கின்றனர். காலணியோடும் எண்ணெயோடும் செய்யும் மற்றொரு சோதனையில் ஆர்-9 முதல் ஆர்-13 வரை எண் தருகின்றனர். எண் கூடக் கூட வழுக்கல் குறைவு. நல்ல கடைகளில் டைல்ஸ் பெட்டியிலோ விவரத்தாளிலோ இக்குறிகள் காணப்படும். விலையைக் கேட்கும் முன் இதைக் கேட்க வேண்டும். செருப்புத் துண்டைக் கொண்டு நாம் செய்யும் சோதனையின் கோணமும் இவர்கள் கோணமும் ஒன்றல்ல. நம் சோதனை ஒரு டைல்ஸை மற்றொன்றோடு ஒப்பிட மட்டுமே உதவும் என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

சொரசொரப்பு மிகினும் தீங்குண்டு. அழுக்குப் படிந்தால் துடைத்தல் அரிது. ஆதலின் குளியலறைக்கும் பால்கனிக்கும் நல்ல சொரசொரப்பு, சமையலறைக்கு நடுத்தரம், அறைகளுக்குப் பளபளப்பற்ற மங்கல் வகை என்று பிரித்துக்கொண்டேன். கடைக்காரர் முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். அது என் அறியாமைக்கு நான் கட்டிய கட்டணம்.

3. கை

நம் சமையல் மேடையில் புளி கரைக்கிறோம், எலுமிச்சை பிழிகிறோம், மோர் சிந்துகிறோம். மூன்றும் அமிலங்கள். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் நுண்ணிய குமிழிகள் எழும். கரியமில வாயு வெளியேறும். அவ்விடம் பளபளப்பு இழந்து வடுவாகும். கிரானைட்டோ பெரும்பாலும் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் ஆனது, புளிக்கு அசையாது. கடைக்காரர் எப்பெயர் சொன்னாலும், மாதிரித் துண்டை வாங்கி வந்து, ஓர் எலுமிச்சை மூடியை இரவு முழுதும் அதன்மேல் கவிழ்த்து வைத்தால், விடியற்காலையில் கல் தன் குலத்தைத் தானே கூறிவிடும்.

குவார்ட்ஸ் தூளைப் பிசினால் பிணைத்துச் செய்யும் செயற்கைக் கல்லும் இன்று விற்பனைக்கு உண்டு. கறை பிடிக்காது, ஆயின் பிசின் இருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரே வைக்கலாகாது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அதனை அறுப்போர் நுரையீரலில் சிலிக்காத் தூள் படிந்து, தீராத நோய் உண்டாகிறது. இக்காரணத்தால் ஆஸ்திரேலியா 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து அக்கல்லைத் தடை செய்தது. கிரானைட், டைல்ஸ் அறுக்கும்போதும் இத்தூள் எழும். நீர் ஊற்றி அறுத்தால் தூள் அடங்கும். எங்கள் வீட்டு வேலையில் நான் விதித்த ஒரே கட்டளை அதுதான். “நேரம் ஆகும் சார்” என்றார் மேஸ்திரி. ஆகட்டும் என்றேன். அவர் இருமலை நான் முன்பே கவனித்திருந்தேன்.

கையைப் பற்றிய மற்றொரு செய்தி, துப்புரவு. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் டைல்ஸில் வெள்ளைப் படிவை உண்டாக்குகிறது. அதை நீக்க அமிலத்தை ஊற்றுவது நம்மவர் வழக்கம். அமிலம் படிவை மட்டுமா கரைக்கிறது? டைல்ஸுக்கு இடையே அடைத்த சிமெண்டுச் சாந்தையும் அரித்து நீருக்கு வழி திறந்துவிடுகிறது. குளியலறை இடைவெளிகளை எபாக்சி கொண்டு அடைத்தால் செலவு கூடும். ஆனால் இத்தொல்லை இராது.

4. மூச்சு

புதுவீட்டிற்குள் நுழைந்தவுடன் கண் எரிவதும், அலமாரியைத் திறந்தால் நெடி அடிப்பதும் பலர் அனுபவம். ‘புது வாசனை’ என்று அதனைப் பெருமையாகவும் சொல்கிறோம். ஒட்டுப்பலகைகளையும் மரத்தூள் பலகைகளையும் பிணைக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு சிறிது சிறிதாகக் கசிவதே அந்நெடிக்குப் பெரும்பாலும் காரணம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் இவ்வாயுவை மனிதர்க்குப் புற்று விளைவிப்பதாக வகைப்படுத்தியது. வீட்டுக் காற்றில் அது ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

ஆதலின் பலகை வாங்கும்போது ‘ஈ-1’ போன்ற குறைந்த கசிவுக் குறி உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினால் ஒட்டிய பலகையில் கசிவு குறைவு. நீருக்கும் அது நின்று பிடிக்கும். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டு ஒட்டுப்பலகைக்கு உரியது, ஐ.எஸ். 710 என்பது கடல்நீரையும் தாங்கும் வகைக்கு உரியது. பின்னதன் மாதிரியை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிப்பர். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக்கு மட்டும் இதனை இட்டு, மற்றவற்றிற்கு முன்னதை இட்டேன். எல்லா இடத்திலும் விலையுயர்ந்ததை இடுவது அறிவுடைமையன்று. பலகையின் வெட்டு விளிம்புகளை ஒன்று விடாமல் மூடச் செய்தேன். வாயு மிகுதியாய் வெளிவருவதும் நீர் உட்புகுவதும் அவ்வழியேதான். குடிபுகும் முன் மூன்று வாரம் அலமாரிகளையும் சன்னல்களையும் திறந்தே வைத்தோம்.

வண்ணப்பூச்சில் ஈயம் கலப்பது குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. நம் நாட்டில் 2016இல் இயற்றப்பட்டு 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது. டப்பாவில் அதைப் படித்துப் பார்த்தே வாங்குக.

5. கண்

நான்கு வினாக்களையும் கடந்து வந்த பொருள்களுள் ஒன்றைத் தேரும் உரிமை கண்ணுக்கு உண்டு. அதிலும் எச்சரிக்கை வேண்டும். பொருளின் நிறம் என்பது அதன்மேல் விழும் ஒளியையும் பொறுத்தது. கடை விளக்கின் கீழ் இளமஞ்சளாய்த் தோன்றிய வண்ணம் நம் வீட்டில் பச்சையோடிப் போகலாம். எனவே இரண்டடிச் சதுரம் சுவரில் பூசச் செய்து, காலையிலும் உச்சியிலும் இரவு விளக்கிலும் பார்த்தபின் முடிவு செய்தேன்.

முதியோர் கண்ணை நாம் மறந்துவிடுகிறோம். வயது ஏற ஏற விழிவில்லை மஞ்சளித்து, கண்ணுக்குள் செல்லும் ஒளி குறைகிறது. கூசும் தன்மை கூடுகிறது. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கழிவறைத் தொட்டி எனில், எது எங்கே முடிகிறது என்று அவர்க்குத் தெரியாது. எனவே குளியலறைத் தரையைக் கருஞ்சாம்பல் நிறத்திலும், சுவரை வெளிர் நிறத்திலும், கைப்பிடிக் கம்பியை அடர்நீலத்திலும் அமைத்தோம். வாசற்படி இருக்கும் இடத்தில் வேறு நிறக் கோடு ஒன்று பதித்தோம்.

என் தாயார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் பிறந்தது காரைக்குடிப் பக்கம். “ஏண்டா, என் அறைக்கு மட்டும் நம்ம ஆத்தங்குடிக் கல்லு போட முடியாதா?” என்றார். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை வார்த்து, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் பதப்படுத்தி, சூளையில் சுடாமலே செய்யும் கைவினைக் கல் அது. சாதாரண டைல்ஸைவிடத் தடிப்பானது. புளியும் அமிலமும் ஆகாது. சமையலறைக்கும் குளியலறைக்கும் அது உதவாது. ஆயின் நீர் புழங்காத படுக்கையறைக்கு என்ன தடை? ஐந்து வினாக்களையும் கேட்டுப் பார்த்தேன்; கல் தேறிவிட்டது. மேஸ்திரி அறைக்கதவின் அடியைச் சிறிது இழைக்கச் செய்து, மட்டம் பார்த்துப் பதித்துக் கொடுத்தார்.

முடிவுரை

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் நிலம், கட்டட ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதினான்காம் பிரிவின்படி, ஒப்புக்கொண்ட பொருள்களையும் பொருத்துகளையும் வாங்குவோர் இசைவின்றிக் கட்டுநர் மாற்றலாகாது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்திறனிலோ குறை தெரிவித்தால், முப்பது நாளில் கட்டணமின்றிச் சரிசெய்தல் அவர் கடமை. ஆனால் ‘உயர்தர டைல்ஸ்’ என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் எதை வைத்து வாதாடுவது? வகை, அளவு, தரக்குறியீடு, வழுக்கல் எண் ஆகியவற்றை எழுத்தில் பெறுக. பதித்த டைல்ஸில் ஒரு பெட்டியை மிச்சம் எடுத்து வைத்துக்கொள்க. பின்னாளில் ஒன்று உடைந்தால் அதே சாயல் கடையில் கிட்டாது.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் இன்று வாடகை வீட்டிலோ ஓட்டு வீட்டிலோ வாழ்பவர். உங்களுள் சிலரின் பெற்றோர் பிறர் வீடுகளுக்குத் தரை பதிப்பவர். நாளை நீங்களும் ஒரு வீட்டிற்குள் குடிபுகுவீர்கள். அன்று, வகுப்பில் படித்த உராய்வும் நுண்துளை ஈர்ப்பும் தேர்வுத் தாளோடு முடிந்தவை அல்ல என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நான் நினைவிற் கொள்ளவில்லை. உங்கள் தோழன் ஒருவனின் தந்தை நினைவூட்டினார்.

குடிபுகுந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. இரவில் என் தாயார் எழுந்து குளியலறைக்குச் செல்லும் காலடி ஓசை என் அறைக்குக் கேட்கும். முன்பெல்லாம் அவ்வோசை கேட்டதும் எழுந்து ஓடுவேன். இப்போது கைப்பிடிக் கம்பியைப் பற்றும் ஒலியும், திரும்பி வரும் காலடியும் கேட்கும்வரை விழித்திருந்து, பின் உறங்கிவிடுகிறேன். விருந்தினர் எவரும் எங்கள் வீட்டுத் தரையை இதுவரை புகழ்ந்ததில்லை. அதனால் எங்களுக்குக் குறையொன்றும் இல்லை.